அரை நாளில் அடங்காத கண்டி

காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு ஒரு மாளிகையும் ஒரு குளமும் கிடைக்கும். தங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் கண்டி வேறு. அதில் மதுரையிலிருந்து வந்து ஆண்டவர்கள் இருக்கிறார்கள், மன்னாரிலிருந்து கால்நடையாக வந்து மலையைத் திருத்தியவர்கள் இருக்கிறார்கள், 19 ஆண்டுகள் ஊரைவிட்டுப் போக முடியாமல் கிடந்த ஓர் ஆங்கிலேயனும் இருக்கிறான்.

காலை பத்து மணிக்குப் புத்தரின் தந்ததாது இருக்கும் தலதா மாளிகை வாசலில் வரிசை நீண்டிருக்கும். வெள்ளை உடுத்து, கையில் தாமரைப் பூத்தட்டோடு அனுராதபுரப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்த கிராமத்துச் சனம் ஒருபுறம். இராமாயணச் சுற்றுலாவில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் இன்னொருபுறம். நடுவில் முழங்கால் தெரியக் காற்சட்டை போட்டு வந்து, வாசலில் கிடைத்த துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு சிரிக்கும் ஐரோப்பிய இளைஞர்கள். எல்லோரும் சோதனையைத் தாண்டித்தான் போகவேண்டும். 1998 ஜனவரி 25ஆம் திகதி விடுதலைப் புலிகளின் லொறிக் குண்டு இந்த வாசலில் வெடித்துப் பலர் இறந்த பின் வந்த ஏற்பாடு இது.

உள்ளே ஒரு மணி நேரம். பிறகு குளக்கரையில் நின்று படம், மத்தியானச் சாப்பாடு, மாணிக்கக்கல் கடை, பேராதனைப் பூங்கா, ஐந்து மணிக்குக் கண்டிய நடனம். இருட்டுவதற்குள் வண்டி நுவரெலியாப் பாதையில் ஏறிவிடும், இல்லையென்றால் கொழும்புக்குத் திரும்பிவிடும். 2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 20 இலட்சத்துக்கும் மேல். நாடுவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். அவர்களில் கண்டியைத் தொடாமல் போகிறவர்கள் குறைவு, கண்டியில் தங்கி ஊரைச் சுற்றிப் பார்க்கிறவர்கள் அதைவிடக் குறைவு.

1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இந்த நகரத்தை ஒரு சாப்பாட்டு இடைவேளையாக்கிவிட்டார்கள் பயண ஏற்பாட்டாளர்கள். அனுராதபுரம், பொலன்னறுவை போல இது இடிபாடுகளின் ஊர் அல்ல. மன்னர் காலத்தில் தொடங்கிய முறைவேலைகள் இன்றும் நேரம் தவறாமல் நடக்கிற ஊர். இடிபாட்டை எந்த நேரத்திலும் பார்த்துக்கொள்ளலாம். நடக்கிற காரியத்தை அது நடக்கும் நேரத்தில் அங்கே இருந்தால்தான் பார்க்க முடியும்.

உள்ளே வந்தால் வெளியே விடாத ஊர்

ஒரு காலத்தில் நிலைமை தலைகீழ். கண்டிக்குள் நுழைவதே பெரும்பாடு. 1505இல் போர்த்துக்கேயர் கரையில் இறங்கியதிலிருந்து 1815 வரை, போர்த்துக்கேயர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று மூன்று கூட்டம் மாறிமாறி இந்த மலையைப் பிடிக்கப் பார்த்தன. காடும் கணவாயும் காய்ச்சலும் அவர்களைத் திருப்பி அனுப்பின. 1602இல் மட்டக்களப்பில் இறங்கிய டச்சுக் கப்பற்தலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் போல, மரியாதையோடு வந்து மன்னனைப் பார்த்துவிட்டு மரியாதையோடு திரும்பியவர்களும் உண்டு. எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

ராபர்ட் நொக்ஸுக்கு வாய்க்கவில்லை. புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைச் செப்பனிட, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலேயக் கூட்டத்தில் கப்டனின் மகன் அவன். 1660இல் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகளையும் பிடித்துக்கொண்டு போனார்கள். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகனுக்குச் சிறை இல்லை, விலங்கும் இல்லை. கண்டியைச் சுற்றிய கிராமங்களில் கைதிகளைப் பிரித்து விட்டார்கள், சோறு போடுவது ஊராரின் பொறுப்பு. அவன் தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், பண்டம் சுமந்து ஊர் ஊராக வியாபாரம் பார்த்தான். தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து, எப்படியோ அந்த மலைக்கு வந்து சேர்ந்திருந்த ஓர் ஆங்கில பைபிளை வாங்கினான்.

கணவாய்களில் முட்கதவு வைத்துக் காவல் இருந்ததை அவன் எழுதுகிறான். கடந்து போக அனுமதிச் சீட்டு வேண்டும். களிமண்ணில் பதித்த முத்திரைதான் அந்தச் சீட்டு. படைவீரனுக்கு ஈட்டி தாங்கிய மனித உருவம், கூலியாளுக்குக் காவடித்தண்டில் இரண்டு மூட்டை தொங்க நடக்கும் உருவம், வெள்ளைக்காரனுக்குத் தலையில் தொப்பியும் இடுப்பில் வாளும் கொண்ட உருவம். எழுதப் படிக்கத் தெரியாத காவல்காரனும் ஆளைப் பார்த்து, மண்ணைப் பார்த்து விடலாம், தடுக்கலாம்.

1679இல் வியாபாரி வேடத்தில் வடக்கே நகர்ந்து, அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையைப் பிடித்துக்கொண்டே போய், மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டையில் அவனும் ஒரு தோழனும் தலைகாட்டினார்கள். 1681இல் இலண்டனில் வெளியான நொக்ஸின் புத்தகத்தில் வயலுக்கு நீர் பங்கிடுவது, தாளிப்பனை ஓலையைக் குடையாகவும் கூடாரமாகவும் விரிப்பது, கலியாணம், கடன், களவு எல்லாம் இருக்கின்றன. விருந்தாளியாக வந்த தூதர்கள் அரண்மனையைப் பார்த்தார்கள். கைதியாகக் கிடந்தவன் ஊரைப் பார்த்தான். கண்டியைப் பற்றி எழுதியவர்களில் இன்றும் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் படிப்பது அந்தக் கைதியைத்தான்.

1803இல் படையோடு வந்த ஆங்கிலேயருக்கு இதைவிட மோசமான பாடம் கிடைத்தது. மேஜர் டேவியின் படை பின்வாங்கும்போது மகாவலியைக் கடக்க முடியாமல் வட்டப்புலுவவில் மாட்டிக்கொண்டது. பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், டேவி கைதியாகவே இறந்தார். அரியணையில் அமர்த்தலாம் என்று ஆங்கிலேயர் கூட்டிவந்த முத்துசாமியின் தலையும் உருண்டது. முத்துசாமி என்ற பெயர் கண்டி அரசியலுக்குள் எப்படி வந்தது என்று கேட்கிற பயணிதான் கதையின் சரியான வாசலுக்கு வருகிறார்.

மதுரையிலிருந்து வந்த நால்வர்

கண்டியின் கடைசி நான்கு மன்னர்களும் நாயக்கர்கள். 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்கு உரிய மகன் இல்லாமல் இறந்தபோது, மதுரையிலிருந்து வந்திருந்த அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்ற பெயரில் முடிசூடினான். அவனுக்குப் பின் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், கடைசியாக 18 வயதில் அரியணை ஏறிய கண்ணுசாமி என்ற ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 76 ஆண்டுகள் நடந்த ஆட்சி இது.

இன்று பயணிகள் படம் பிடிக்கிற கண்டியில் பாதி இவர்கள் காலத்து வேலை. மாளிகை முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவைக் கட்டுவித்தவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். சிற்பாசாரி தேவேந்திர மூலாச்சாரி. புதிதாகப் பதவியேற்கும் ஆட்சித் தலைவர்கள் நாட்டு மக்களுக்கு உரையாற்ற ஏறி நிற்பதும் அதே மண்டபத்தில்தான். வயலாகக் கிடந்த பள்ளத்தை அணைகட்டிக் குளமாக்கியவனும் அவனே. கரையில் அலைபோல் வளைந்து ஓடும் முகில் மதில் பாதியில் நிற்பதற்குக் காரணம், அது முடிவதற்குள் அரசு முடிந்துபோனது.

அவர்களில் பயணிகள் அதிகம் அறியாதவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். சைவக் குடும்பத்தில் பிறந்தவன். தீவில் பிக்குகளுக்கு உபசம்பதை என்ற உயர் குருப்பட்டம் கொடுக்கும் மரபு அற்றுப்போயிருந்த காலத்தில், டச்சுக் கப்பலில் தூது அனுப்பிச் சியாமிலிருந்து உபாலி தேரரையும் பிக்குகளையும் வரவழைத்து, 1753இல் அதை மீட்டான். இன்றைய சியாம் நிகாய என்ற பிக்கு சபை அங்கிருந்து தொடங்குகிறது. தேவர்களுக்காக மட்டும் எடுத்த பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் தந்ததாது முன்னால் போகத் தொடங்கியதும் அவன் ஆட்சியில்தான், 1775இல். அப்படியிருந்தும் 1760இல் அவனைக் கொன்று சியாம் இளவரசன் ஒருவனை அரியணையில் ஏற்றச் சதி நடந்தது. அரசன் பௌத்தத்துக்குச் செய்ததை ஏற்றுக்கொண்ட பிரதானிகளிலேயே சிலருக்கு அவன் நெற்றித் திருநீறு உறுத்தியது.

மாளிகைக்குப் பக்கத்தில் செதுக்கு மரத்தூண்களோடு நிற்கும் மகுல் மடுவ அரச சபை மண்டபம். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் இங்கேதான் வாசிக்கப்பட்டது. ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். அதற்கு 12 நாளுக்கு முன், பெப்ரவரி 18ஆம் திகதி, மெதமஹநுவரப் பக்கத்தில் ஒளிந்திருந்த மன்னன் பிடிபட்டிருந்தான்.

எஹெலேபொல பிரதானியின் மனைவி மக்களை மன்னன் கொல்லச் செய்த கதையை வழிகாட்டிகள் தவறாமல் சொல்வார்கள். அதில் கேட்கிறவர் கண் கலங்கும். அந்தக் கொடுமையை ஆங்கிலேயர் ஊதிப் பெருக்கிப் படையெடுப்புக்குக் காரணமாக்கிக்கொண்டார்கள் என்று எழுதும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்தப் பகுதி சுற்றுலாவில் பெரும்பாலும் வராது, வண்டிக்கு நேரமாகிவிடும்.

மாலை ஆறரை மணி

தலதா மாளிகையில் நாளுக்கு மூன்று வேளைப் பூஜை: விடியற்காலை 5.30, காலை 9.30, மாலை 6.30. பகல் நேரத்தில் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் மூடிய கதவையும் சுவரோவியத்தையும் பார்க்கிறார்கள். மாலைப் பூஜைக்கு முன் கீழ்த்தளத்தில் நின்று பாருங்கள். வெள்ளை உடுப்பில், சிவப்பு இடைக்கச்சை கட்டி, வெற்று மார்போடு மேளகாரர்கள் வந்து நிற்பார்கள். தவிலும் கெட்டி மேளமும் கேட்டுப் பழகிய காது முதலில் தடுமாறும், பிறகு ஹேவிசி மேளத்தின் தாளத்தில் சொந்தம் கண்டுபிடிக்கும். மேலே, தாது அறைக்கு முன்னால், நீலோற்பலமும் தாமரையும் மல்லிகையும் வைக்கும் நீள மேசை. கதவு திறந்ததும் வரிசை நகரும். உள்ளே தங்கத் தாதுகோபம் போன்ற பேழை தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகள், கடைசியில் தாது. நின்று பார்க்க விடமாட்டார்கள், இரண்டு கணம்தான். முன்னால் நிற்கும் மூதாட்டி அந்த இரண்டு கணத்துக்காகப் பேரனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருப்பார்.

தாதுவையே வெளியே வைத்து மக்களுக்குக் காட்டுவது அபூர்வம். 16 ஆண்டுகளுக்குப் பிறகு 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை அப்படிக் காட்டியபோது, சனம் இரவு பகலாகத் தெருவிலேயே படுத்து வரிசையில் நகர்ந்தது. ஹோட்டல் அறைக்கு அலைந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் அந்தப் பத்து நாளில் கண்டியைத் தவிர்த்தார்கள். சிலர் வரிசையிலேயே சேர்ந்துகொண்டார்கள்.

மாளிகைக்கு எதிரே, தெருவைக்கூடக் கடக்கத் தேவையில்லாத தூரத்தில், நாத தேவாலயமும் பத்தினி தேவாலயமும் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாத தேவாலயம்தான் கண்டியில் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. பத்தினி நம் கண்ணகி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும். பெரஹராவின் தொடக்கத்தையும் அந்தக் கஜபாகுவோடு சேர்த்துத்தான் கண்டியில் கதை சொல்கிறார்கள். விஷ்ணுவுக்கும் கதிர்காமக் கந்தனுக்கும் தனித்தனித் தேவாலயங்கள் சற்றுத் தள்ளி. மாளிகையோடு திரும்பிவிடுகிற தமிழ்நாட்டுப் பயணிகள் கண்ணகியையும் முருகனையும் ஐந்து நிமிட நடையில் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்த நான்கு தெய்வங்களும் சேர்ந்து தெருவுக்கு வருவது எசல பெரஹராவில். ஆடி, ஆவணிப் பக்கத்தில் பத்து இரவுகள், முதல் ஐந்து கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி பெரஹரா. சாட்டை சொடுக்குபவர்கள் முன்னே வர, தீப்பந்தம் சுழற்றுபவர்கள், கொடிகள், மேளங்கள், நடனக்காரர்கள், பிறகு வெள்ளைப் பாவாடை விரிப்பில் நடந்து வரும் மாளிகைக் கொம்பன். அதற்குப் பின் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி ஊர்வலங்கள் வரிசையாக. கதிர்காமத் தேவாலயத்தின் முறை வரும்போது காவடிகள் வரும், மயிற்பீலி ஆட்டத்தைக் கண்டதும் நடைபாதையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எழுந்து நிற்கும். கடைசியில் கெட்டம்பேயில் மகாவலி நீரை வாளால் வெட்டும் சடங்கோடு விழா நிறையும்.

அந்த நாட்களில் தலதா வீதியில் நாற்காலி ஒன்றுக்கு ஒரு மாத வாடகை கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் மத்தியானமே பாயும் சோற்றுப் பொதியும் கொண்டுவந்து நடைபாதையில் இடம் பிடிப்பார்கள். அவர்களோடு உட்காரும் பயணிக்குச் சோற்றுப் பொதியிலும் பங்கு கிடைக்கும், கதையும் கிடைக்கும். யானை பார்க்க வருகிறவர்கள் 2019ஐயும் நினைவில் வைக்கவேண்டும். எலும்பும் தோலுமாயிருந்த 70 வயது திக்கிரி என்ற யானையின் படம் அந்த ஆண்டு உலகம் முழுவதும் பரவியது. அலங்காரத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி அதன் பின் ஓயவில்லை.

தமிழ்ச் சாசனமும் மரத்தூண்களும்

கண்டியிலிருந்து கொழும்புப் பாதையில் பதினைந்து கிலோமீற்றர் அளவில், கம்பளை அரசர் காலத்துக் கோயில்கள் மூன்று ஒன்றுக்கொன்று அருகருகே இருக்கின்றன. வாடகை வண்டி பிடித்தால் காலையில் போய் மத்தியானத்துக்குள் திரும்பலாம். பயணிகள் இன்னும் மொய்க்காத இடங்கள்.

கடலாதெனிய விகாரை 1344இல் கட்டப்பட்டது. பாறை மேல் நிற்கும் கருங்கற் கட்டடத்தைத் தூரத்தில் பார்த்தால், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருப்பதாக நினைக்கத் தோன்றும். கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி. தூணிலும் அடித்தளத்திலும் தென்னிந்தியக் கை தெரிகிறது, உள்ளே கருவறையில் புத்தர். அதே காலத்து லங்காதிலக விகாரையைக் கட்டியவர் ஸ்தபதி ராயர். குன்றின் உச்சியில் வெள்ளையாக எழும் அந்தக் கோயிலின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டியிருக்கிறது. விகாரைக்கு விட்ட தானத்தைத் தமிழிலும் அறிவிக்கவேண்டிய தேவை அன்றைய கம்பளையில் இருந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் அக்கம்பக்கத்தில் இருந்திருக்கிறார்கள்.

மூன்றாவது எம்பக்க தேவாலயம், கதிர்காமக் கந்தனுக்கு உரியது. மேள மண்டபத்தின் மரத்தூண்களைப் பார்க்க அவசரப்படக்கூடாது. ஒரு தூணில் இருதலைப்புள், இன்னொன்றில் கழுத்துப் பின்னிய அன்னங்கள், மல்யுத்தம் செய்யும் இருவர், குதிரை வீரன், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், ஆடும் பெண். ஒரே உரு திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கச் சிறுவர்களை விட்டால் அரைமணி நேரம் தொந்தரவு இல்லாமல் போகும். பிறகு கூரையின் பின்கோடியை அண்ணாந்து பார்க்கவேண்டும். 26 கைமரங்கள் வந்து கூடும் இடத்தில் ஒரே ஒரு பெரிய மர முளைதான் எல்லாவற்றையும் பூட்டி நிறுத்துகிறது. அதற்கு மடோல் குருப்பாவ என்று பெயர். எம்பக்கவிலிருந்து லங்காதிலகவுக்கு வயல் ஓரமாக நடந்தே போகலாம். நடக்கத் தெம்பு இருக்கிறவர்கள் வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு நடக்கிறார்கள்.

கல்லறையும் தேயிலையும்

மாளிகைக்குப் பின்னால் ஒரு சிறு ஏற்றம். அங்கே ஆங்கிலேயப் படைப்பிரிவின் பழைய இடுகாடு. தொட்டடுத்து நிற்கும் மாளிகைக் கூட்டத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட இங்கே ஏறுவதில்லை. கல்வெட்டுகளில் வயதைப் படித்துக்கொண்டே போனால் இருபதுகளும் முப்பதுகளும்தான் அதிகம். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் பீரங்கியைவிட அதிகம் தின்றிருக்கின்றன. 1856இல் காட்டு யானை மிதித்து இறந்த ஜோன் ராபர்ட்சனின் கல்லறையும் இங்கே. சிங்களம் கற்று, பிரதானிகளோடு கடிதம் எழுதி, மன்னனை உள்ளிருந்தே வீழ்த்திய ஜோன் டொய்லியும் இங்கேதான் கிடக்கிறார். கண்டி விழுந்து ஒன்பது ஆண்டில், 1824இல், அவரும் போய்விட்டார்.

அதே 1824இல்தான் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைப் பக்கம் சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் போட்டார். அதிலிருந்து தமிழரின் இன்னொரு கண்டிக் கதை தொடங்குகிறது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலப் பக்கத்திலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்களில் பலர் வழியிலேயே விழுந்தார்கள். பிழைத்து வந்தவர்கள் மலையைத் திருத்தினார்கள். அவர்கள் கும்பிட்டுவிட்டுத் தோட்டங்களுக்குப் பிரிந்துபோன இடம் மாத்தளை முத்துமாரியம்மன் கோவில். மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும் அந்தக் கோவில் கண்டியிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பாட்டிகள் சொன்ன கண்டிச்சீமை, அரண்மனை இருந்த ஊர் அல்ல, இந்தத் தோட்டங்கள்தான்.

1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழித்தபோது, மாற்றுப் பயிர் ஏற்கெனவே முளைத்திருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அந்தத் தோட்டம் கண்டியிலிருந்து தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைப்பக்கம். அவர் குடிசையின் மிச்சமும் அவர் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல் இருக்கையும் அங்கே இருக்கின்றன. 1892இல் இறந்த டெய்லரின் கல்லறை கண்டி மகியாவையில். அவர் பெயருக்குக் கல்லறை உண்டு, நினைவிடம் உண்டு. ஹந்தானையில் 1925இல் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையில் நடக்கும் அருங்காட்சியகத்தில் அவருக்கென்று ஓர் இடமும் உண்டு. 19 ஏக்கரிலும் கொழுந்து பறித்தவர்களின் பெயரைத் தேடுகிற பயணிக்கு மகியாவையில் எதுவும் கிடைக்காது.

கொழும்பிலிருந்து வரும் ரயில் கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சுவாங்குவதும் அந்தக் கோப்பிக்காகத்தான். 45 அடிக்கு ஓர் அடி உயரும் அந்தப் பாதை 1867இல் கண்டியைத் தொட்டது. கடுகண்ணாவை என்ற பெயரை மலையாள வாசகர்களுக்குச் சொந்தமாக்கியவர் எம்.டி. வாசுதேவன் நாயர். அவருடைய தகப்பனார் இலங்கையில் வேலை பார்த்தவர். எம்.டி.யின் கடுகண்ணாவைக் கதை 2024இல் மம்முட்டி நடிக்கப் படமாகவும் வந்தது. பிழைப்புக்கு வந்தவர்கள் இங்கே விட்டுப்போன உறவுகளைத் தேடி வரும் பயணம், எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கும் தெரிந்த பயணம்தான்.

எழுத வந்தவர்கள்

ரயில் வந்த பின் கண்டிக்கு எழுத்தாளர்கள் வரத் தொடங்கினார்கள். 1890இல் சகலின் தீவின் கைதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் செக்கோவ் வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்று கடிதத்தில் எழுதினார். கண்டியில் அவர் கண்ணில் பட்டது இரட்சணிய சேனையின் ஊர்வலம். 1911இல் ஹெர்மன் ஹெஸ்ஸே வந்தார். வயிற்றுக் கோளாறும் மழையும் சேர்ந்து படுத்தின. கண்டி அப்போதே வெளிநாட்டுப் பணத்தால் கெட்டுவிட்டது என்பது அவர் புகார். 1922இல் டி.எச். லாரன்ஸ் குளத்துக்கு மேலே ஒரு பங்களாவில் சில வாரம் இருந்தார். வேல்ஸ் இளவரசருக்காக நடத்திய பெரஹராவைப் பார்த்து யானையைப் பற்றிக் கவிதை எழுதினார். சூடு தாங்காமல் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்.

லெனார்ட் வூல்ஃப் மட்டும் உத்தியோகமாக இருந்தவர். 1907, 1908இல் கண்டிக் கச்சேரியில் வேலை. பிரான்சின் முன்னாள் பேரரசி யூஜெனி வந்தபோது தந்ததாதுவைக் காட்ட ஏற்பாடு செய்ததும், போகம்பரைச் சிறையில் தூக்குத் தண்டனைகளுக்குச் சாட்சியாக நின்றதும் அவர் கடமை. மற்றவர்கள் யானையையும் ஏரியையும் எழுதியபோது வூல்ஃபின் சுயசரிதையில் தூக்குமேடை வருகிறது. அதே போகம்பரைச் சிறை 2014இல் மூடப்பட்டது. நகர மத்தியில் அதன் மதிலைக் கடந்துதான் பயணிகள் பஸ் நிலையத்துக்குப் போகிறார்கள்.

பேராதனைப் பூங்கா இவர்கள் எல்லோரும் பார்த்த இடம். 1821இல் தொடங்கிய தாவரவியல் தோட்டம், 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. 1901இல் பின்னாளைய ஐந்தாம் ஜோர்ஜ் நட்ட மரத்தை வெளிநாட்டவர் பீரங்கிக் குண்டு மரம் என்று சுற்றி நிற்பார்கள். நமக்கு அது நாகலிங்கம். 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இந்தப் பூங்காவில்தான் இயங்கியது. பூங்காவை அடுத்து பல்கலைக்கழகம். அங்கே குன்றின் மேல் குறிஞ்சிக் குமரன் கோவில். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தைத் துலக்கி மேடை ஏற்றியது இந்த வளாகத்தில். ஈழத்து நாடகம் தெரிந்தவர்களுக்குப் பேராதனை ஒரு தலம்.

அரை நாள் பயணியின் விலை

உலகத்தின் பழைய நகரங்கள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் உண்டு. காலையில் வந்து மாலையில் போகிறவர்களால் மூச்சு முட்டிய வெனிஸ், 2024இல் பகல் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது.

கண்டியில் வெனிஸ் அளவு கூட்டம் இல்லை, ஆனால் வரும் பணம் எங்கே விழுகிறது என்பதில் ஒற்றுமை இருக்கிறது. அரை நாள் பயணியின் பணம் மாணிக்கக் கடைக்கும் வாசனைத் திரவியத் தோட்டத்துக்கும் போகிறது. இரண்டு இரவு தங்குகிறவரின் பணம் இடியப்பக் கடைக்கும், முச்சக்கர வண்டிக்கும், எம்பக்கப் பக்கத்து மரச் செதுக்குகாரருக்கும் பிரிந்து போகிறது. அவசரக்காரரை ஏமாற்றுவதும் எளிது. "இண்டைக்கு மாளிகையில விசேஷம், இப்பவே ஏறுங்கோ" என்று குளக்கரையில் கூப்பிடுகிறவரோடு ஏறினால் வண்டி கடை வாசலில்தான் நிற்கும். பூஜை நேரம் தெரிந்தவரிடம் அந்தப் பருப்பு வேகாது.

தெரிந்திருக்கவேண்டிய வேறு சிலவும் உண்டு. தோளும் முழங்காலும் மறையவேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக்கூடாது. சிலைக்கு முத்தம் கொடுப்பதுபோல் படம் எடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்கு 2012இல் நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் 2014இல் விமான நிலையத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளைப் பல இடத்தில் சிதைத்தது, ஆகவே ரயில் ஓடுகிறதா என்று கேட்டுவிட்டே திட்டம் போடவேண்டும்.

தமிழ்ப் பயணிகளுக்கு ஒரு குறை நிற்கிறது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வழிகாட்டி கிடைக்கிற ஊரில் தமிழில் விவரமாகச் சொல்ல ஆள் தேடவேண்டியிருக்கிறது. நாயக்கர் கதை, பத்தினி தேவாலயம், லங்காதிலகச் சாசனம், கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில், மகியாவை, மாத்தளை ஆகியவற்றைக் கோத்து ஒரு தமிழ் வழித்தடம் போட்டால் இரண்டு நாள் தாராளமாக ஓடும். அதன் இன்னொரு முனை தமிழ்நாட்டில் இருக்கிறது. 1816இல் கப்பலில் ஏற்றிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில்தான் வைத்தார்கள். அவன் இருந்த கட்டடத்துக்குக் கண்டி மகால் என்றே பெயர். 1832 ஜனவரி 30ஆம் திகதி அங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதிமேல் தமிழக அரசு 1990இல் முத்து மண்டபம் எழுப்பியது. சிங்களப் பயணிகள் இந்தியாவுக்கு வரும்போது அதைத் தேடிப் போகிறார்கள். வேலூர்க்காரர்கள் கண்டிக்கு வரும்போது மகுல் மடுவவின் தூணருகே நின்று பார்க்க நேரம் ஒதுக்குவதில்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கண்டியில் தங்குகிறவர்களின் திட்டத்திலும் நுவரெலியாவுக்கு இரண்டு இரவும் கண்டிக்கு ஒன்றும்தான் இருக்கும். அதை மாற்றிப் போட்டால் போதும். மாலைப் பூஜைக்கு ஒரு நாள், கம்பளைக் கோயில்களுக்கு ஒரு காலை, இடுகாட்டுக்கும் ஹந்தானைக்கும் ஒரு பின்நேரம் கிடைத்துவிடும். நுவரெலியாவில் குளிர் எங்கேயும் போய்விடாது.